விளம்பரத்தில் இல்லாத தோலுக்கு அந்த லேசர் பொருந்துமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 28. வரும் தை மாதம் திருமணம், இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. கன்னத்தில் பரு வந்துபோன இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாக நிற்கிறது. கழுத்தின் பின்பக்கம் கறுத்துவிட்டது. தாடையில் முடி வளர்கிறது. எம்ஆர்டி ரயில் நிலையத்தில் விளம்பரம் பார்த்து ஓர் அழகு நிலையத்துக்குப் போனேன். முகத்துக்கு லேசர், தாடைக்கு ஐபிஎல் ஒளிச் சிகிச்சை, கழுத்துக்கு வெண்மையூட்டும் சிகிச்சை என்று மூன்றையும் சேர்த்து ஒரே பேக்கேஜாகச் சொன்னார்கள். சுவரில், கையேட்டில், திரையில் இருந்த எல்லா முகங்களும் வெளுத்த சீன, கொரிய முகங்கள். "என் நிறத்தில் யாருக்காவது செய்திருக்கிறீர்களா, படம் இருக்கிறதா?" என்று கேட்டதற்கு, "எல்லாச் சருமத்துக்கும் ஏற்றதுதான்" என்றார்கள். இன்றே கட்டினால் தள்ளுபடி என்றார்கள். நான் கட்டாமல் வந்துவிட்டேன். "படத்தில் யார் இருந்தால் உனக்கென்ன, சிகிச்சை நல்லதா என்று பார்" என்கிறார் அம்மா. நான் தேவையில்லாமல் மனத்தைப் போட்டு அலட்டிக்கொள்கிறேனா?
வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

பணம் கட்டாமல் எழுந்து வந்தது நல்லதாகப் போயிற்று. நீங்கள் அங்கே கேட்ட கேள்வி, சரும சிகிச்சைக்குப் போகிற ஒவ்வொரு மாநிறக்காரரும் கேட்க வேண்டிய கேள்வி. அம்மா சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. சிகிச்சை நல்லதா என்றுதான் பார்க்க வேண்டும். ஆனால் எந்தத் தோலில் நல்லது என்று கேட்காமல் அதைப் பார்க்கவே முடியாது. இந்தத் துறையில் நிறத்தை வைத்துத்தான் கருவியின் அளவையே தீர்மானிக்கிறோம். அதனால் ஒரு நிலையத்தின் படங்களில் உங்கள் நிறம் எங்குமே இல்லையென்றால், உங்கள் தோலில் அந்தச் சிகிச்சை என்ன செய்யும் என்ற தகவலே உங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

லேசர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இன்றைய சரும லேசர்களுக்கு அடிப்படையான கோட்பாட்டை 1983-ல் ஆண்டர்சன், பேரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியை மிகக் குறைந்த நேரம் பாய்ச்சினால், அந்த ஒளியை உறிஞ்சும் பொருள் மட்டும் சூடாகிச் சிதையும், சுற்றியுள்ள திசு தப்பித்துக்கொள்ளும் என்பதே அது. முடியை அகற்றும்போது முடிவேரிலுள்ள மெலனின் என்ற நிறமிதான் குறி. கரும்புள்ளியை மங்க வைக்கும்போதும் அதே மெலனின்தான் குறி. சரி, நமக்கு மெலனின் எங்கே இருக்கிறது? வேரிலும் இருக்கிறது, மேல்தோல் முழுவதும் பரவியும் இருக்கிறது. எது அழிக்க வேண்டிய மெலனின், எது விட்டுவைக்க வேண்டிய மெலனின் என்று ஒளிக்குத் தெரியாது. வெயிலில் வெள்ளைச் சட்டையைவிடக் கறுப்புச் சட்டை சீக்கிரம் சூடேறுவதுபோல, அதே அளவு ஒளி பாய்ந்தால் நம் தோலின் மேற்பரப்பு கூடுதலாகச் சூடேறும். அளவு தவறினால் கொப்புளம் வரும். கொப்புளம் ஆறிய பிறகு அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்து நிற்கும், சிலருக்கு நிறமே போய் வெள்ளையாகிவிடும். கறுப்பைப் போக்கப் போனவர் அதைவிடப் பெரிய கறுப்போடு எங்களிடம் வருவது இப்படித்தான்.

அதற்காக நமக்கு லேசரே ஆகாது என்று பயந்துவிடாதீர்கள். அலைநீளம் கூடக்கூட மெலனின் அந்த ஒளியை உறிஞ்சுவது குறைகிறது, ஒளியும் ஆழமாக இறங்குகிறது. அதனால் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் மாநிறத் தோலுக்கும் கருநிறத் தோலுக்கும் முடி அகற்ற ஓரளவு பாதுகாப்பானது. 755 நானோமீட்டரில் இயங்கும் அலெக்ஸாண்ட்ரைட் லேசர் வெளுத்த தோலில் அருமையாக வேலை செய்யும், நம் தோலில் ஆபத்து கூடுதல். ஐபிஎல் என்பது லேசரே கிடையாது. பல அலைநீளங்கள் கலந்த ஒளியை ஒரே வீச்சில் பாய்ச்சும் விளக்கு அது. குறுகிய அலைநீளங்களும் அதில் வருவதால், அடர்நிறத் தோலுக்கு அதைப் பொதுவாக நான் பரிந்துரைப்பதில்லை.

ஐபிஎல் பற்றி இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். பெண்களின் தாடையிலும் கழுத்திலும் ஐபிஎல் அல்லது லேசர் செய்யும்போது, சிலருக்கு முடி குறைவதற்குப் பதிலாக, செய்த இடத்திலோ அதைச் சுற்றியோ புதிதாக முடி வளர்வதுண்டு. தெற்காசிய, மத்தியக் கிழக்கு வம்சாவளிப் பெண்களிடம், அதிலும் ஹார்மோன் கோளாறு உள்ளவர்களிடம், இதை அதிகம் பார்க்கிறோம். மருத்துவ இதழ்களில் நன்றாகப் பதிவான பக்கவிளைவு இது. வெளுத்த முகம் போட்ட கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அந்த முகத்துக்கு அது பெரிய கவலை இல்லை, உங்களுக்குக் கவலை.

கன்னத்துக்குச் சொன்ன லேசரும் அப்படித்தான். கிழக்காசியாவில் பிரபலமான 'லேசர் டோனிங்' முறையில், குறைந்த அளவு ஒளியை வாராவாரம் பாய்ச்சுவார்கள். கேட்க மென்மையாக இருக்கும். ஆனால் பல தடவை தொடர்ந்து செய்தால் மழைத்துளி சிதறியமாதிரி சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் தோன்றலாம். வெளுத்த கன்னத்தில் அது கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். உங்கள் கன்னத்தில் மூன்றடி தூரத்திலிருந்தே தெரியும். பக்கவிளைவு ஒன்றுதான், அதன் விலை நிறத்துக்கு நிறம் மாறுகிறது. பத்துத் தடவைக்கான பேக்கேஜுக்கு முன்பணம் கட்டும்போது இது நினைவில் இருக்கட்டும்.

"எல்லாச் சருமத்துக்கும் ஏற்றது" என்றார்களே, அடுத்தமுறை யாராவது அப்படிச் சொன்னால், "என்னை எந்த வகையில் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இந்தத் துறையில் உலகம் முழுக்கப் பயன்படுவது ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல். 1975-ல் பாஸ்டனில், சொரியாசிஸ் நோயாளிகளுக்கு எவ்வளவு புற ஊதாக் கதிர் கொடுக்கலாம் என்று முடிவு செய்வதற்காக டாக்டர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் உருவாக்கியது. வெயிலில் தோல் சிவந்து எரிகிறதா, கறுக்கிறதா என்று கேட்டு, முதலில் வெள்ளையர்களை மட்டும் நான்கு வகையாகப் பிரித்தார். மாநிறமும் கருநிறமும் ஐந்தாவது, ஆறாவது வகையாகப் பின்னால் சேர்க்கப்பட்டன. உலகத்தில் கோடிக்கணக்கான மக்கள் அந்தக் கடைசிப் பெட்டிகளில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரை வருவோம். ஒரே தமிழ்க் குடும்பத்தில் அப்பா ஆறு, அம்மா நான்கு, பிள்ளை ஐந்து என்று இருப்பது சர்வசாதாரணம். அதனால் "இந்தியன் ஸ்கின்" என்று ஒரே அளவு வைப்பதும் தப்பு. ஹார்வர்டு சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கிய பத்து நிற அளவுகோலை 2022-ல் கூகுள் வெளியிட்டது. அது புகைப்படங்களையும் கணினி நிரல்களையும் மனத்தில் வைத்து வந்தது, லேசர் அளவுக்காக வந்ததில்லை. என்றாலும் ஆறு பெட்டி போதாது என்பதை அது வெளிப்படையாகச் சொல்கிறது.

லேசர் கருவியின் திரையில் நோயாளியின் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். கருவியைப் பிடிப்பவர் உங்களை மூன்று என்று போடுகிறாரா, ஐந்து என்று போடுகிறாரா என்பதைப் பொறுத்து ஒளியின் அளவே மாறும். உங்கள் நிறத்தவரை அதிகம் பார்த்துப் பழகாதவர், அந்த விளக்கு வெளிச்சத்தில், மேக்கப் போட்டு வந்த உங்கள் முகத்தைப் பார்த்து, அரை நிமிடத்தில் முடிவு செய்துவிடலாம். என் அறைக்கு வருகிறவர்களை மேக்கப்பைத் துடைக்கச் சொல்லி, வெயில் படாத மேல்கையின் உட்புறத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். அப்புறம், கடந்த நான்கு வாரத்தில் வெயிலில் அலைந்தீர்களா, ஊருக்குப் போய் வந்தீர்களா என்று கேட்பேன். அண்மையில் வெயிலில் கறுத்த தோலுக்கு லேசரைத் தள்ளிப்போட வேண்டும்.

இந்த இடைவெளி விளம்பரத்தில் மட்டும் இருப்பதில்லை. நாங்கள் படித்த பாடநூல்களிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் மருத்துவப் பாடநூல் படங்களை ஆராய்ந்து 2018-ல் வெளிவந்த ஆய்வில், கருநிறத் தோலைக் காட்டிய படங்கள் 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தன. அழற்சி என்றால் சிவப்பு என்றுதான் புத்தகம் சொல்லும். நம் தோலில் புதுப் பரு கருஞ்சிவப்பாக, சில வேளை நாவல்பழ நிறத்தில் தெரியும். எக்ஸிமா சாம்பல் பழுப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பை மட்டும் தேடுகிற கண்ணுக்கு, அழற்சி இன்னும் அடங்கவில்லை என்பதே புரியாமல் போகும். அடங்காத பருவின் மேல் லேசர் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2020-ல் லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர், தன் ஆசிரியர்களோடு சேர்ந்து, மாநிற, கருநிறத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று ஒரு கையேடே தயாரித்தார். வகுப்பில் "இது என் மாதிரித் தோலில் எப்படி இருக்கும்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்ததில் பிறந்தது அது. நீங்கள் வரவேற்பு மேசையில் கேட்டதும் அதே கேள்விதான்.

இனி நம் ஊர் விளம்பரங்களுக்கு வருகிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் 9 விழுக்காடு, மலாய்க்காரர்கள் 13.5 விழுக்காடு. ஐந்தில் ஒருவருக்கு மேல் ஆகிறது. வெயிலில் வேலை பார்க்கும் சீனர்கள் பலரும் மாநிறம்தான். இப்படிப்பட்ட ஊரில் சரும சிகிச்சை விளம்பரத்தில் ஒரே நிறம் மட்டும் தெரிகிறதென்றால், அது ஊரின் நிறம் இல்லை, வாங்குவார் என்று அவர்கள் கணக்குப் போட்டவரின் நிறம். இதில் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: உரிமம் பெற்ற மருத்துவ நிலையங்கள் நோயாளிகளின் பாராட்டுரைகளையும், சிகிச்சைக்கு முன், பின் எடுத்த படங்களையும் விளம்பரத்தில் பயன்படுத்த இங்கே கட்டுப்பாடு இருக்கிறது. நோயாளிகளை ஏமாற்றக்கூடாது என்பதற்காக வந்த நல்ல விதி. ஆனால் அதனால் விளம்பரங்களை நிரப்புவது மாடல்களின் முகங்களே. சுவரொட்டியில் சிரிக்கிற அந்தப் பெண் அந்தச் சிகிச்சையை ஒருமுறையாவது செய்துகொண்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த முகத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை, வெளுத்த தோல்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம் நிறம் விளம்பரத்தில் வரவே இல்லையா என்றால், வந்திருக்கிறது. பெரும்பாலும் சரிசெய்ய வேண்டிய குறையாக வந்திருக்கிறது. கறுத்த முகம் 'முன்', வெளுத்த முகம் 'பின்'. நம் வீட்டுத் தொலைக்காட்சியில் பல ஆண்டுகள் ஓடிய கிரீம் விளம்பரங்கள் எல்லாம் இந்தக் கதைதான்: வெளுத்தால் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைப்பார். இங்கே 2019-ல் மின்னணு முறையில் பணம் செலுத்தும் ஒரு சேவையின் விளம்பரத்தில், ஒரே நடிகருக்குப் பல வேடம் போட்டு, தோலைக் கறுப்பாக்கி இந்தியராகவும் காட்டினார்கள். இந்திய முகம் வேண்டுமென்றால் ஓர் இந்தியரை அழைக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டார்கள். 2020-ல் ஜான்சன் அண்ட் ஜான்சன் ஆசியாவில் விற்ற சில வெண்மையூட்டும் கிரீம்களை நிறுத்தியது, 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரை மாற்றிக்கொண்டது. மக்கள் சத்தம் போட்டுக் கேட்டபோதுதான் இவை நடந்தன. அதனால்தான், நீங்கள் கேட்டது அலட்டல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இதில் எனக்கு ஒரு பயமும் உண்டு. நாளைக்கே அந்த அழகு நிலையம் ஒரு தமிழ்ப் பெண்ணின் படத்தைச் சுவரில் மாட்டலாம். மாட்டிவிட்டு, அதே ஐபிஎல் விளக்கை, அதே அளவில், அதே பயிற்சியோடு தொடர்ந்தால் அது முன்பிருந்ததைவிட மோசம். இப்போது நீங்கள் சந்தேகப்பட்டுக் கேட்டீர்கள். அந்தப் படம் இருந்திருந்தால் கேட்காமலே கட்டியிருப்பீர்கள். படத்தில் நம் நிறம் வருவதற்கு முன்னால், நம் நிறத்தில் செய்து பழகிய கை, ஏற்ற கருவி, உங்கள் தோலில் இப்படி ஆகலாம் என்று எழுதிக் கொடுக்கும் ஒப்புதல் படிவம் இவை வர வேண்டும். அப்படி உள்ள இடத்தின் விளம்பரத்தில் மாநிற முகம் இருந்தால், அதைப் பார்த்து நானும் சந்தோஷப்படுவேன்.

இப்போது உங்கள் கழுத்துக்கு வருகிறேன். உண்மையில் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான்.

பரு, தாடையில் முடி, கழுத்தின் பின்பக்கக் கறுப்பு. அழகு நிலையம் இவற்றை மூன்று வியாபாரமாகப் பார்த்தது. ஒரு மருத்துவர் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால் முதலில் கேட்பது, "மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?" என்பதுதான். கழுத்தின் பின்புறத்தைக் குளித்து முடித்து விரலால் தடவிப் பாருங்கள். தோல் கொஞ்சம் தடித்து, மெத்தென்று, குறுக்குக் கோடுகள் ஆழமாகி இருக்கிறதா? அக்குளிலும் அதே கறுப்பு இருக்கிறதா? இருந்தால் அதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். அழுக்கில்லை, வெயிலும் இல்லை. உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பதில் சொல்லாதபோது, இரத்தத்தில் இன்சுலின் கூடி, அது தோல் செல்களைத் தூண்டிவிடுவதால் வருவது. நம் சமூகத்தில் இது மிகச் சாதாரணம். அதைக் குளியலறையில் பீர்க்கங்காய் நார் வைத்துத் தேய்த்துத் தேய்த்து இன்னும் கறுப்பாக்கிக்கொண்டு வருகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். உரசினால் நம் தோல் கறுக்கும், தடிக்கும். தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள்.

பருவும் தாடை முடியும் சேர்ந்திருப்பதால், பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறும் இருக்கலாம். கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. ஆனால் உங்கள் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ போய், இந்த மூன்றையும் ஒன்றாகச் சொல்லி, இரத்தச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரி), கொழுப்பு, தேவைப்பட்டால் ஹார்மோன் பரிசோதனைகள் செய்துகொள்ளுங்கள். வீட்டில் அப்பா, அம்மாவுக்கு நீரிழிவு இருந்தால் அதையும் சொல்லுங்கள். உடல் எடை கூடுதலாக இருந்து அதைக் கொஞ்சம் குறைத்தாலே கழுத்து மெல்ல மெல்லத் தெளியும். பிசிஓஎஸ் இருந்து அதற்கு மருந்து எடுத்தால் பருவும் அடங்கும், முடி வளரும் வேகமும் குறையும். உள்ளே இன்சுலின் கூடியிருக்கும்போது கழுத்துக்கு மேலே என்ன பூசினாலும் திரும்ப வரும். நம் தோலைப் பார்த்துப் பழகியவர்கள் வரவேற்பு மேசையில் இருந்திருந்தால், வெண்மையூட்டும் சிகிச்சையை விற்பதற்கு முன்னால் உங்களை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள்.

கன்னத்துக் கறுப்புக்குப் பொறுமை வேண்டும். நீங்கள் தழும்பு என்று நினைப்பது பெரும்பாலும் அழற்சிக்குப் பிந்தைய நிறமேற்றமாக இருக்கும். விரலால் தடவினால் குழியோ மேடோ இல்லாமல் சமமாக இருந்தால் அதுதான். அதற்கு லேசர் முதல் சிகிச்சையே இல்லை. புதுப் பரு வராமல் நிறுத்துவது முதல் வேலை, ஏனென்றால் ஒவ்வொரு புதுப் பருவும் ஒரு புதுக் கறுப்பு. அசலாயிக் அமிலம் பருவுக்கும் கறுப்புக்கும் சேர்த்தே வேலை செய்யும், எரிச்சலும் குறைவு. அடாபலின் போன்ற ரெட்டினாய்டு கிரீம்களை ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் தொடங்கலாம். தோல் எரிந்தால் அந்த எரிச்சலே கறுப்பாகும் என்பதால், அவசரப்பட்டு அளவைக் கூட்டக்கூடாது. திருமணத்துக்குப் பிறகு சீக்கிரம் குழந்தை பெற நினைத்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரெட்டினாய்டுகளைக் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டும், பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவுக்குப் பெரிய ஆபத்து. அசலாயிக் அமிலம் அப்போதும் பயன்படுத்தக் கூடியது.

சன்ஸ்கிரீன் விளம்பரங்களிலும் இதே கதைதான். எஸ்பிஎஃப் எண்ணை அளக்கும் சர்வதேசச் சோதனையே வெளிர் நிறத்திலிருந்து இடைநிலை நிறம் வரை உள்ளவர்களை வைத்துத்தான் நடக்கிறது, ஏனென்றால் எவ்வளவு கதிர் பட்டால் தோல் சிவக்கிறது என்பதுதான் அங்கே கணக்கு. உங்களுக்கு முக்கியமான கேள்வி, தோல் எவ்வளவு கறுக்கிறது என்பது. புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல் கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக நீல ஒளி, நம் தோலைக் கறுக்க வைக்கிறது. சாதாரண சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் தடுக்கும். பெட்டியின் பின்பக்கப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பூசினால் முகத்தில் சாம்பல் படரக்கூடாது. வாங்குவதற்கு முன் தாடையோரம் கொஞ்சம் தடவி, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். புற ஊதாக் குறியீடு நண்பகலில் 11-ஐத் தொடுகிற ஊர் இது, இங்கே கறுத்த தோலுக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

திருமணம் என்றதும் உறவினர்கள் ஊரிலிருந்து டியூப் கொண்டுவருவார்கள். அதைத் தொடாதீர்கள். மூன்று மருந்து கலந்த அந்தக் கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகும், பிறகு தோல் மெலிந்து, நிறுத்தினால் சிவந்து எரிந்து, பரு கொத்துக் கொத்தாக வரும். இணையத்தில் விற்கும் வெண்மைக் கிரீம்களில் பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் இருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஹைட்ரோகுவினோனை மருத்துவர் கண்காணிப்பில் சில மாதம் பூசுவது வேறு, கண்காணிப்பில்லாமல் வருடக்கணக்கில் பூசுவது வேறு. பின்னதில் தோலே நீலக்கருப்பாக மாறி, திரும்பப் போக்க முடியாமல் ஆவதுண்டு.

இவ்வளவுக்கும் பிறகு லேசர் தேவை என்று மருத்துவர் சொன்னால், செய்வதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கருவி, என்ன அலைநீளம், கருவியைப் பிடிப்பவர் யார். என் நிறத்தில் இதற்கு முன் செய்தவர்களின் படம் இருக்கிறதா. விளம்பரத்தில் போடத்தான் கட்டுப்பாடு, ஒப்புதல் கொடுத்த நோயாளிகளின் படத்தை ஆலோசனை அறையில் காட்டலாம். பெயர், முகம் மறைத்தே காட்டுவார்கள், தோல் தெரிந்தால் போதும். அந்தப் படங்களில் முன்னும் பின்னும் வெளிச்சம் ஒன்றாக இருக்கிறதா என்று கவனியுங்கள், வெளிச்சத்தைக் கூட்டினாலே கறுப்பு பாதி குறைந்துவிடும். அப்புறம், காதுக்குப் பின்னாலோ தாடைக்கடியிலோ ஒரு சிறு இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் தோலில் கறுப்பு உடனே வராது, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால் குறைந்தது நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். மறுநாளே "சோதித்தாயிற்று, ஒன்றும் ஆகவில்லை" என்று முழு முகத்துக்கும் செய்யக் கூப்பிட்டால் போகாதீர்கள்.

தேசிய சரும நிலையத்துக்குப் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். வெறும் அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்த முடியாது. அழகு நிலையத்தில் பேக்கேஜ் எடுத்தே ஆக வேண்டுமென்றால், பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் முத்திரை பெற்ற இடமாகப் பாருங்கள். அங்கே பயன்படுத்தாத பேக்கேஜை 5 நாளுக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. "எல்லாச் சருமத்துக்கும் ஏற்றது" என்று விளம்பரத்திலேயே அச்சடித்திருந்தால் அதைப் படம் எடுத்து, சிங்கப்பூரின் விளம்பரத் தர ஆணையத்துக்கு இணையவழி அனுப்பலாம். விளம்பரத்தில் சொல்வதற்கு ஆதாரம் காட்ட விளம்பரதாரர் தயாராக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய நெறிமுறை. அனுப்புங்கள் என்றே சொல்கிறேன். உங்களுக்குப் பின்னால் அந்தக் கதவைத் திறக்கப் போகிற பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு உங்கள் அளவு சந்தேகம் வராமல் போகலாம்.

உங்களிடம் ஏழு மாதம் இருப்பது நல்ல விஷயம். முதல் மாதம் இரத்தப் பரிசோதனையும் மருத்துவரும். அடுத்த மூன்று நான்கு மாதம் பருவை அடக்கி, கறுப்பு மங்க மருந்தும் சன்ஸ்கிரீனும். கடைசி இரண்டு மாதத்தில் புதிதாக எதையும், லேசரோ பீலோ ஃபேஷியலோ, முகத்தில் தொடங்காதீர்கள். தாடை முடியை அதுவரை த்ரெடிங் செய்யலாம், பரு உள்ள இடத்தில் மட்டும் விட்டுவிடுங்கள். மேக்கப் போடுபவரைத் திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பே ஒரு ஒத்திகைக்கு அழையுங்கள், உங்கள் கழுத்துக்கும் முகத்துக்கும் கைக்கும் ஒரே நிறமாகப் பொருந்தும் ஃபவுண்டேஷன் அவரிடம் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். இரண்டு நிறம் வெளுப்பாகப் போட்டால்தான் படத்தில் நன்றாக வரும் என்று அவர் சொன்னால், வேறு ஆளைத் தேட அப்போதும் உங்களுக்கு நேரம் இருக்கும்.